பெட்ரோலிய வேதிப்பொருட்கள் புழங்கும் வேலையிடம்: ஆபத்தும் அளவு வரம்பும் படிப்படியாக

கச்சா எண்ணெய்த் தொட்டியின் மேல் ஏறி, டிப் எடுக்கும் (உள்ளே எண்ணெய் மட்டம் அளக்கும்) மூடியைத் திறக்கிறார் ஒருவர். இடுப்பில் மல்டி கேஸ் மீட்டர் தொங்குகிறது. எல்இஎல் கட்டத்தில் 0. மூடியின் கொக்கியைத் தளர்த்தியதும் உள்ளே அடைந்திருந்த ஆவி 'புஸ்' என்று முகத்துக்கு நேரே கிளம்புகிறது. டேப்பை இறக்கி, எண்ணைப் படிக்கக் குனிந்து பார்த்து, நிமிரும்போது லேசாகத் தலை சுற்றுகிறது. மீட்டர் கத்தவே இல்லையே என்பார். மீட்டர் பொய் சொல்லவில்லை. எல்இஎல் கட்டம் சொல்வது தீப்பிடிக்குமா என்பதை மட்டும்தான். மூச்சு இழுக்கலாமா என்ற கேள்வியை அதனிடம் யாரும் கேட்கவில்லை.

இது சின்ன விஷயம் இல்லை. 2010 முதல் 2014 வரை அமெரிக்க எண்ணெய்க் கிணற்றுத் தளங்களில் இப்படி மூடியைத் திறந்து டிப் எடுத்தபோதும் மாதிரி எடுத்தபோதும் குறைந்தது ஒன்பது தொழிலாளர்கள் இறந்திருக்கிறார்கள். அங்குள்ள தொழிற்பாதுகாப்பு அமைப்பான ஓஷாவும் ஆய்வு அமைப்பான நியாஷும் சேர்ந்து 2016-ல் இதற்காகவே ஓர் எச்சரிக்கை அறிக்கை வெளியிட்டன.

இந்த வழிகாட்டி தளத்தில் வேலை செய்பவர்களுக்கும் அவர்களுக்குப் பெர்மிட் (வேலை அனுமதிச் சீட்டு) எழுதுபவர்களுக்கும். வரம்பு எண்கள் நாட்டுக்கு நாடு மாறும். கீழே ஓஷா, நியாஷ், அப்புறம் பல நாடுகளும் பார்த்துப் பின்பற்றும் ஏசிஜிஐஹெச் என்ற அமெரிக்கத் தொழில்சுகாதார நிபுணர் அமைப்பின் எண்களை எடுத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் நாட்டுச் சட்டம் இதைவிடக் கடுமையாக இருந்தால் அதுதான் உங்களுக்கு வரம்பு.

படி 1: எந்த எண் எந்தக் கேள்விக்குப் பதில் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

பிபிஎம் என்றால் காற்றின் பத்து லட்சம் பங்கில் ஒரு பங்கு. 1 சதவீதம் என்பது 10,000 பிபிஎம். இந்த ஒரு கணக்கு கைவசம் இருந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

டிடபிள்யூஏ என்பது எட்டு மணி நேர ஷிஃப்ட்டின் சராசரி. நாள்தோறும், வருடக்கணக்கில் அதே வேலையைச் செய்பவரை மனதில் வைத்துப் போட்ட எண் இது. ஸ்டெல் என்பது 15 நிமிடச் சராசரி. நாள் சராசரி சரியாக இருந்தாலும் இடையில் ஒரு பெரிய மொத்து வாங்கக் கூடாது என்பதற்காக வைத்தது. சீலிங் என்றால் ஒரு கணம்கூடத் தாண்டக் கூடாத உச்சம். ஐடிஎல்ஹெச் என்பது உயிருக்கோ உடல்நலத்துக்கோ உடனடி ஆபத்து என்ற அளவு. அதை ஒரு வரம்பாகவே நினைக்காதீர்கள். அந்த அளவு இருக்கும் இடத்தில் மூச்சுக்கான காற்று உருளை மாட்டாமல் நிற்கவே கூடாது.

எல்இஎல் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே அல்ல. காற்றில் எவ்வளவு ஆவி சேர்ந்தால் தீப்பற்றும் என்பதன் கீழ் எல்லை அது. மீத்தேனுக்கு 5 சதவீதம், புரொப்பேனுக்கு 2.1, பெட்ரோல் ஆவிக்கு 1.4, பென்சீனுக்கு 1.2. இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். பென்சீனின் எல்இஎல் 12,000 பிபிஎம். பெரும்பாலான மீட்டர்களில் எல்இஎல் அலாரம் அந்த எல்லையின் 10 சதவீதத்தில் அடிக்கும், அதாவது 1,200 பிபிஎம்மில். ஓஷாவின் எட்டு மணி நேர வரம்பு 1 பிபிஎம். வரம்பைப் போல 1,200 மடங்கு ஆன பிறகுதான் அந்த மணி வாய் திறக்கும். எல்இஎல் திரையில் 1 என்ற எண் விழுவதற்கே 120 பிபிஎம் வேண்டும்.

தளத்தில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் "எல்இஎல் ஜீரோ, உள்ளே போகலாம்" என்பதுதான். அதன் அர்த்தம் "வெடிக்காது" என்பது மட்டுமே.

இன்னொன்று. வரம்புக்குக் கீழே பாதுகாப்பு, மேலே ஆபத்து என்று கோடு கிழித்தது போலக் கிடையாது. ஏசிஜிஐஹெச் தன் எண்களைப் பற்றி அதைத்தான் சொல்கிறது. அந்த எண்கள் அறிவு வளர வளர இறங்கிக்கொண்டேயும் இருக்கின்றன. பென்சீனுக்கு அமெரிக்காவில் ஒரு காலத்தில் 10 பிபிஎம் சட்டப்படி சரி. 1 ஆகக் குறைக்க 1978-ல் ஓஷா போட்ட விதியை 1980-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 1987-ல்தான் 1 பிபிஎம் நிலைத்தது. நியாஷ் பரிந்துரைப்பது 0.1. ஐரோப்பிய ஒன்றியம் 2022-ல் கொண்டுவந்த விதியின்படி 2026 ஏப்ரல் முதல் 0.2. ஏசிஜிஐஹெச் 2024-ல் 0.02-க்கு இறங்கிவிட்டது. பொருள் ஒன்று, ஆள் ஒருவர், எண் மட்டும் ஐம்பது மடங்கு வித்தியாசம். ஆகவே "லிமிட்டுக்குள்தான் இருக்கிறோம்" என்று யாராவது சொன்னால், யாருடைய லிமிட், எந்த வருடத்து லிமிட் என்று கேளுங்கள்.

படி 2: உங்கள் தளத்தில் என்ன இருக்கிறது என்று பட்டியல் போடுங்கள்

ஒவ்வொரு பொருளுக்கும் பாதுகாப்புத் தகவல் தாள் இருக்கும். தளத்தில் எஸ்டிஎஸ் என்பார்கள். உலகப் பொது முறைப்படி அதில் 16 பிரிவுகள். முழுவதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். 2-ல் ஆபத்து வகை, 4-ல் முதலுதவி, 8-ல் அளவு வரம்பும் கவசமும், 9-ல் தீப்பற்று நிலை, எல்இஎல், ஆவியின் எடை ஆகியவை இருக்கும். 8-ஆம் பிரிவை முதலில் திறங்கள்.

தாள் சொல்லாததும் உண்டு. கொள்கலனில் வாங்கி வந்த பொருளுக்குத்தான் தாள் உண்டு. குழாய்க்குள்ளும் தொட்டியடியிலும் உருவாகிற பொருளுக்கு யாரும் தாள் கொடுப்பதில்லை. சகதியில் அடைந்திருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு, கழிவுநீர்ப் பிரிப்பான் தொட்டியில் மிதக்கும் பென்சீன், பிட்டுமன் (தார்) தொட்டியின் மேல்வெளியில் சேரும் வாயு, வெல்டிங் புகை, ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்சைடு, இதெல்லாம் நீங்களாகப் பட்டியலில் எழுத வேண்டியவை.

பொருளின் பெயருக்குப் பக்கத்தில் வேலையையும் எழுதுங்கள். "நாஃப்தா" என்று மட்டும் எழுதினால் பயனில்லை. "நாஃப்தா பம்ப் ஸ்ட்ரெய்னரைத் திறந்து கழுவுதல், இரண்டு பேர், 40 நிமிடம்" என்று எழுதினால்தான் அளப்பதற்கும் தடுப்பதற்கும் ஒரு பிடி கிடைக்கும். மூடிய குழாயில் ஓடும் பொருள் யாரையும் தொடுவதில்லை. திறக்கும் இடம், வடிக்கும் இடம், ஏற்றும் இடம், மாதிரி பிடிக்கும் இடம், இந்த நான்கையும் சுற்றித்தான் மூச்சில் போவது நடக்கிறது.

படி 3: முக்கியமானவர்களை அறிந்துகொள்ளுங்கள்

*ஹைட்ரஜன் சல்பைடு.* தளத்தில் எச்2எஸ், அல்லது சுருக்கமாக 'சவர் கேஸ்'. காற்றைவிடச் சற்றுக் கனம் என்பதால் பள்ளத்திலும் சம்ப்பிலும் தேங்கும். 1 பிபிஎம்முக்குக் கீழேயே அழுகிய முட்டை நாற்றம் தெரிந்துவிடும். அதுவே இதில் பெரிய பொறி. 100 பிபிஎம்மை நெருங்கும்போது சில நிமிடங்களில் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் நின்றதும் வாயு போய்விட்டது என்று மனிதன் நினைத்துக்கொள்வான். 500 முதல் 700 பிபிஎம்மில் ஐந்தே நிமிடத்தில் கால் தள்ளாடி விழலாம். ஆயிரத்தைத் தாண்டினால் ஒன்றிரண்டு மூச்சு.

இதன் வரம்புகள்: ஏசிஜிஐஹெச் எட்டு மணி நேரத்துக்கு 1 பிபிஎம், ஸ்டெல் 5. நியாஷின் சீலிங் 10, அதை 10 நிமிடம் அளந்து பார்ப்பார்கள். ஓஷாவின் பொதுத் தொழில்களுக்கான சீலிங் 20. ஐடிஎல்ஹெச் 100. பல தளங்களில் மீட்டரை 10-லும் 15-லும் அலாரம் அடிக்கும்படி வைப்பார்கள். திரவத்தில் சில பிபிஎம்தான் இருக்கிறது என்று ஆய்வக அறிக்கை வந்தால் மனம் சமாதானம் ஆகக் கூடாது. மூடிய தொட்டியின் மேல்வெளியில் அதுவே பல நூறாகச் சேரும். சூடாக்கினாலும் கலக்கினாலும் இன்னும் ஏறும்.

2003 டிசம்பர் 23-ஆம் தேதி இரவு சீனாவின் சோங்சிங் பகுதியில் ஓர் எரிவாயுக் கிணறு கட்டுப்பாட்டை மீறி வெடித்துப் பீய்ச்சியது. 243 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் கிணற்றில் வேலை பார்த்தவர்கள் இல்லை, அக்கம்பக்கத்துக் கிராமத்துக்காரர்கள். அளவில் சிறியதாக இருந்தாலும் எனக்கு மறக்காதது 2019 அக்டோபரில் டெக்சாஸின் ஒடெஸாவில் நடந்தது. பம்ப் நிலையத்தில் ஏதோ கோளாறு என்று ஓர் ஊழியர் இரவில் தனியாகப் போனார். போனவரைக் காணவில்லையே என்று அவர் மனைவி தேடி வந்து உள்ளே போனார். இருவரும் இறந்தார்கள். அந்த ஊழியருக்குக் கொடுத்திருந்த எச்2எஸ் மீட்டர் அவருடைய வண்டியிலேயே இருந்தது என்று விசாரணையில் தெரிந்தது.

*பென்சீன்.* எச்2எஸ் அடித்து வீழ்த்தும். பென்சீன் காத்திருக்கும். கச்சா எண்ணெய், கண்டென்சேட், நாஃப்தா, பெட்ரோல், ரிஃபார்மேட் எல்லாவற்றிலும் உண்டு. பல நாடுகளில் பெட்ரோலில் 1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. ஆனால் சுத்திகரிப்பு ஆலைக்குள் ஓடும் இடைநிலைத் திரவங்களுக்கு அப்படி எந்த உச்சவரம்பும் இல்லை. எலும்பு மஜ்ஜையைத் தாக்கி ரத்த அணுக்களைக் குறைக்கும். கடுமையான மைலாய்டு வகை ரத்தப் புற்றுநோயை உண்டாக்கும். உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை இதை மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் முதல் குழுவில் வைத்திருக்கிறது. ஓஷா வரம்பு 1 பிபிஎம், ஸ்டெல் 5. 0.5 வந்தாலே கண்காணிப்பைத் தொடங்க வேண்டும். இனிப்பான வாசனை மூக்குக்குத் தெரியும்போது பெரும்பாலும் வரம்பு ஏற்கனவே தாண்டியிருக்கும். எச்2எஸ்-ல் மூக்கு பாதியில் கைவிடும், பென்சீனில் தாமதமாக வரும்.

*டொலுயீன், சைலீன், எத்தில்பென்சீன்.* தலைவலி, மயக்கம், கவனச் சிதறல். ஏசிஜிஐஹெச் மூன்றுக்குமே 20 பிபிஎம் வைத்திருக்கிறது. ஓஷாவின் பழைய எண்கள் 200, 100, 100. டொலுயீனும் இரைச்சலும் சேர்ந்தால் காதுக்கு இரட்டைக் கேடு. கம்ப்ரஸர் பக்கத்தில் வேலை செய்பவர்கள் காது அடைப்பானோடு இதையும் நினைவில் வைக்க வேண்டும்.

*என்-ஹெக்சேன்.* கரைப்பான்களில் அதிகம். உடலுக்குள் போய் வேறொரு பொருளாக மாறி நரம்பு நுனிகளைத் தின்னும். முதலில் கால்விரல், அப்புறம் கைவிரல் மரத்துப்போகும். நியாஷ், ஏசிஜிஐஹெச் இரண்டும் 50 பிபிஎம். ஓஷா புத்தகத்தில் இன்னும் 500 என்றே இருக்கிறது.

*பெட்ரோல், டீசல் ஆவிகள்.* பெட்ரோலுக்கு ஏசிஜிஐஹெச் 300 பிபிஎம், ஸ்டெல் 500. பெட்ரோல் ஆவி காற்றைப் போல மூன்று நான்கு மடங்கு கனம், தரையோடு ஊர்ந்து தூரத்துத் தீப்பொறியைத் தேடிப் போகும். டீசல் ஆவி குறைவுதான், ஆனால் தோல் வழியாகப் போகும். எஞ்சினில் எரிந்து வரும் டீசல் புகையும் 2012 முதல் பென்சீன் இருக்கும் அதே முதல் குழுவில் இருக்கிறது.

*நைட்ரஜன்.* இது விஷமே இல்லை, நாம் இழுக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு இதுதான். ஆனால் ரியாக்டரை (வேதிவினை நடக்கும் கலனை) நைட்ரஜன் போட்டு நிரப்பினால் உள்ளே ஆக்சிஜன் இல்லை. மூச்சுத் திணறலே தெரியாது, ஏனென்றால் உடலைத் திணற வைப்பது கரியமில வாயுவின் தேக்கம், ஆக்சிஜனின் குறைவு அல்ல. 2005 நவம்பரில் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் ஒரு சுத்திகரிப்பு ஆலையில் இரண்டு ஒப்பந்தத் தொழிலாளர்கள் இப்படி இறந்தார்கள். ரியாக்டருக்குள் கிடந்த ஒட்டும் டேப் சுருள் ஒன்றை எடுக்க முயன்றதில் ஒருவர் உள்ளே மாட்டிக்கொண்டார். அவரைக் காப்பாற்ற இறங்கியவர் இரண்டாமவர். ஒரு டேப் சுருள்!

படி 4: மீட்டரைச் சந்தேகத்தோடு பயன்படுத்துங்கள்

காலையில் ஷிஃப்ட் தொடங்கும் முன் பம்ப் டெஸ்ட். இதற்கும் தண்ணீர் இறைக்கும் பம்புக்கும் சம்பந்தமில்லை. தெரிந்த அளவுள்ள வாயுவைச் சென்சாரில் சில விநாடி காட்டி, எண் ஏறுகிறதா, மணி அடிக்கிறதா, அதிர்கிறதா என்று பார்ப்பது. திரை எரிகிறது என்பதற்காகச் சென்சார் உயிரோடு இருக்கிறது என்று சொல்ல முடியாது. எல்இஎல் பார்க்கும் வினையூக்கி மணி வகைச் சென்சாரைச் சிலிகோன் ஸ்பிரே ஒன்றே கொன்றுவிடும். செத்த சென்சாரும் 0 என்றுதான் காட்டும்.

அந்த வகைச் சென்சாருக்கு வாயுவை எரித்துப் பார்க்க ஆக்சிஜன் வேண்டும். நைட்ரஜன் நிரப்பிய தொட்டியில் ஹைட்ரோகார்பன் நிறைந்திருந்தாலும் அது குறைவாகவோ பூஜ்யமாகவோ காட்டலாம். அதனால்தான் அளக்கும் வரிசை முதலில் ஆக்சிஜன், அடுத்து தீப்பற்றும் வாயு, பிறகு நச்சு வாயு. சடங்குக்காக வைத்த வரிசை இல்லை இது. முதல் எண் சரியில்லை என்றால் இரண்டாவது எண்ணை நம்ப முடியாது.

ஆக்சிஜன் வழக்கமாக 20.9 சதவீதம். 19.5-க்குக் கீழே போனால் உள்ளே யாரும் கூடாது, 23.5-க்கு மேல் போனாலும் கூடாது. ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். 20.9 இருக்க வேண்டிய இடத்தில் 20.4 காட்டினால் "19.5-க்கு மேல்தானே" என்று கடந்துபோகாதீர்கள். ஆக்சிஜன் அரை சதவீதம் குறைய வேண்டுமானால் வேறொரு வாயு காற்றில் ஏறக்குறைய இரண்டரை சதவீதம் வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். அதாவது 25,000 பிபிஎம். அது என்ன வாயு என்று தெரியாமல் பெர்மிட்டில் கையெழுத்துப் போடக் கூடாது.

மீத்தேனில் சரிபார்த்த மீட்டர் பெட்ரோல் ஆவி போன்ற கனமான ஆவியைக் குறைத்துக் காட்டும். பாதி அளவே காட்டவும் கூடும். திருத்தக் காரணி கையேட்டில் இருக்கும், பார்த்துப் பெருக்குங்கள்.

பென்சீன், டொலுயீன் போன்றவற்றைப் பிபிஎம் அளவில் பார்க்க வேண்டுமானால் பிஐடி மீட்டர் வேண்டும். புற ஊதா விளக்கால் மூலக்கூறைப் பிரித்து அளக்கும் கருவி. 10.6 ஈவி விளக்கு போட்ட கருவிக்கு மீத்தேன் கண்ணுக்கே தெரியாது. பென்சீனை அது உள்ளதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்காகக் காட்டும். ஹெக்சேனையோ நாலில் ஒரு பங்குக்கும் குறைவாகக் காட்டும். கலவையில் 10 என்று காட்டினால் எது எவ்வளவு என்று அது சொல்லாது. பென்சீனைத் தனியாகப் பிரித்துப் பார்க்க முன்வடிகட்டிக் குழாய் போட்ட கருவி உண்டு. சட்டப்படி பதிவு செய்வதற்குத் தொழிலாளியின் சட்டைக் காலரில், மூக்கிலிருந்து ஓர் அடிக்குள், ஆவியை உறிஞ்சி வைக்கும் பேட்ஜோ கரிக்குழாயோ மாட்டி ஷிஃப்ட் முழுக்க விட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவதே வழி. கம்பத்தில் கட்டிவைத்த கருவி கம்பம் மூச்சில் இழுத்ததைச் சொல்லும், ஆள் இழுத்ததைச் சொல்லாது.

படி 5: கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள்

ஒரு மாதிரி எடுப்பவரின் நாள். ஆறு மணி நேரம் 0.2 பிபிஎம் பென்சீன், ஒன்றரை மணி நேரம் 1 பிபிஎம், அரை மணி நேரம் வடிகுழாய் பக்கத்தில் 6 பிபிஎம். பெருக்கிக் கூட்டினால் 1.2 + 1.5 + 3 = 5.7. எட்டால் வகுத்தால் 0.71. ஓஷாவின் 1 பிபிஎம்முக்குள்தான் இருக்கிறது. ஆனால் 0.5-ஐத் தாண்டியதால் கண்காணிப்பு கட்டாயம். அந்த அரை மணி நேர 6 பிபிஎம் ஸ்டெல் வரம்பான 5-ஐ மீறிவிட்டது. நாள் முழுவதன் மொத்தத்தில் பாதிக்கு மேல் அந்த முப்பது நிமிடத்திலிருந்து வந்திருக்கிறது. சரி செய்ய வேண்டிய இடம் எது என்று இந்தக் கணக்கே விரல் நீட்டிக் காட்டுகிறது.

பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் என்றால் உடல் தேறுவதற்கான ஓய்வும் குறைகிறது. பிரீஃப், ஸ்கேலா என்ற இருவர் தந்த சூத்திரம் பரவலாகப் பயன்படுகிறது: 8-ஐ ஷிஃப்ட் மணியால் வகுத்து, ஷிஃப்ட் போக மிஞ்சும் மணிகளை 16-ஆல் வகுத்து, இரண்டையும் பெருக்குவது. 12 மணிக்கு விடை 0.5. வரம்பைப் பாதியாக்கிக்கொள்ள வேண்டும்.

ஒரே உறுப்பைத் தாக்கும் பொருட்கள் சேர்ந்து வந்தால் தனித்தனியாக வரம்புக்குள் இருப்பது போதாது. டொலுயீன் 12 பிபிஎம், சைலீன் 10 பிபிஎம், இரண்டுக்கும் வரம்பு 20 என்று வையுங்கள். 0.6 + 0.5 = 1.1. கூட்டுத்தொகை 1-ஐத் தாண்டினால் மீறல்தான்.

தாளில் எண் மில்லிகிராமில் இருந்தால், பிபிஎம்மை மூலக்கூறு எடையால் பெருக்கி 24.45-ஆல் வகுங்கள். பென்சீன் 1 பிபிஎம் என்பது கன மீட்டருக்கு 3.19 மில்லிகிராம்.

படி 6: முகமூடிக்கு முன் மற்றதைச் செய்யுங்கள்

முகமூடி கடைசி வரிசை. அதற்கு முன் தொட்டி மூடியைத் திறக்காமலே அளவு காட்டும் கருவி, மூடிய மாதிரி பாட்டில், ஆவியைத் திருப்பி இழுக்கும் ஏற்றும் குழாய் என்று செய்யக்கூடியது நிறைய உண்டு. திறந்தே ஆக வேண்டும் என்றால் காற்றின் திசை காட்டும் பையைப் பார்த்து, காற்று உங்கள் பக்கவாட்டிலிருந்து வரும்படி நில்லுங்கள். காற்று முதுகிலிருந்து அடித்தால் உங்கள் உடம்புக்கு முன்னால் ஒரு சுழல் உண்டாகி ஆவி முகத்துக்கே திரும்பும். மூடியைத் திறந்ததும் விலகி நின்று, அழுத்தம் அடங்கிய பிறகு டேப்பை இறக்குங்கள்.

கரிம ஆவி வடிகட்டி போட்ட அரை முகமூடிக்குப் பாதுகாப்புக் காரணி 10, முழு முகமூடிக்கு 50. வரம்பு 1 பிபிஎம் என்றால் அரை முகமூடி 10 பிபிஎம் வரை. அதுவும் முகத்தில் சரியாகப் பொருந்தினால்தான். இரண்டு நாள் தாடி போதும், ஓரத்தில் கசியும். வடிகட்டி ஆக்சிஜனை உண்டாக்காது என்பதை மறந்துவிடுகிறார்கள். ஆக்சிஜன் குறைந்த இடத்திலும், ஐடிஎல்ஹெச் அளவிலும், எவ்வளவு என்று தெரியாத இடத்திலும் காற்று உருளையோ, தப்பிக்கும் உருளையோடு கூடிய காற்றுக்குழாயோ மட்டும்தான்.

கையுறை விஷயத்தில் ஒரு பழைய தவறு. நீல நைட்ரைல் கையுறை எண்ணெய், கிரீஸுக்கு நல்லது. பென்சீனும் டொலுயீனும் மெல்லிய நைட்ரைலைச் சில நிமிடங்களில் ஊடுருவும். வெளியே கிழிசல் தெரியாது, உள்ளே கை நனைந்திருக்கும். அந்த வேலைக்கு வைட்டான் போன்ற பொருளில் செய்தது வேண்டும்.

படி 7: தொட்டிக்குள் இறங்கும் முன்

வரும் குழாய் எல்லாவற்றிலும் பிளைண்ட் (குழாயை முழுதாக அடைக்கும் தகடு) போடுங்கள். வால்வை மூடிப் பூட்டுவது மட்டும் போதாது, வால்வு கசியும். காற்றோட்டம் கொடுத்த பின் மேல், நடு, அடி என்று மூன்று மட்டத்திலும் அளக்க வேண்டும். இறங்க இறங்க ஏறக்குறைய நாலு அடிக்கு ஒரு முறை நிறுத்தி, மாதிரிக் குழாயின் நீளத்துக்கு ஏற்ப எண் நிலைக்கும் வரை பொறுங்கள். மேன்ஹோல் வாயில் மீட்டரை நீட்டிவிட்டு எடுப்பது கேஸ் டெஸ்ட் ஆகாது.

எண்கள் எல்லாம் நன்றாக வந்துவிட்டன, பெர்மிட் கையெழுத்தாகிவிட்டது. உள்ளே போனவர் மண்வெட்டியால் அடிச் சகதியைக் கிளறுகிறார். அந்த நொடியில் காலையில் எழுதிய எண்கள் காலாவதி. சகதிக்குள் பொதிந்திருந்த ஆவியும் எச்2எஸ்-ஸும் அப்போதுதான் வெளிவரும். ஆகவே சகதி இருக்கும் வரை மீட்டர் உள்ளே இருப்பவரின் மார்பில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சல்ஃபர் உள்ள எண்ணெய்த் தொட்டிச் சுவரில் கறுப்பாகப் படியும் இரும்பு சல்பைடு காய்ந்தால் தானாகத் தீப்பற்றும். அதை ஈரமாகவே வைத்து அப்புறப்படுத்துங்கள்.

வாசலில் நிற்கும் ஸ்டாண்ட்பை ஆளுக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள். ஸ்பேனர் எடுத்து வா, டீ வாங்கி வா என்று அனுப்பப்படுவதும் அவர்தான்.

படி 8: ஒருவர் விழுந்துவிட்டால்

உள்ளே ஓடாதீர்கள். மூடிய இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்கள் என்று 1986-லேயே நியாஷ் எழுதியிருக்கிறது. ஸ்டாண்ட்பை ஆள் செய்ய வேண்டியது அலாரம் அடிப்பது, வெளியிலிருந்தபடியே கயிறு வின்ச்சால் இழுப்பது, காற்று உருளை மாட்டிய மீட்புக் குழு வரும்வரை காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் நிற்பது. இதை எழுதுவது சுலபம், கூட வேலை செய்தவர் கண் முன்னே கிடக்கும்போது நிற்பது கொடுமை. அதனால்தான் ஒத்திகை வேண்டும்.

எச்2எஸ் பட்டவருக்கு வாயோடு வாய் வைத்து ஊதாதீர்கள், பை-முகமூடி பயன்படுத்துங்கள். பெட்ரோலைக் குழாயால் உறிஞ்சி வயிற்றுக்குள் போய்விட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. நுரையீரலுக்குள் இறங்கினால் கேடு பல மடங்கு. பெட்ரோலில் நனைந்த சட்டையைக் கழற்றும் முன் தண்ணீர் ஊற்றுங்கள், உரசலில் நிலைமின்சாரப் பொறி வரலாம். சுத்திகரிப்பு ஆலையின் ஆல்கைலேஷன் பிரிவில் ஹைட்ரஜன் ஃப்ளூரைடு பட்டால் கழுவிவிட்டு கால்சியம் குளுக்கோனேட் ஜெல் தடவியபடியே மருத்துவமனைக்கு. கிரீஸ் கன் விரலில் பீய்ச்சி ஊசி குத்தியது போல ஒரு புள்ளி மட்டும் தெரிந்தாலும் அது அவசர அறுவைக்குரிய காயம்.

படி 9: உடம்பையும் காகிதத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்

பென்சீன் வேலையில் இருப்பவர்களுக்கு வேலையில் சேரும்போதும் அதன்பின் வருடத்துக்கு ஒரு முறையும் முழு ரத்த அணு எண்ணிக்கை. ஒரு முறை எண் சரியாக இருப்பது பெரிய செய்தி இல்லை. மூன்று வருடமாக வெள்ளை அணு மெதுவாக இறங்கி வருகிறதா என்பதுதான் செய்தி. அதற்குப் பழைய அறிக்கைகள் வேண்டும். ஷிஃப்ட் முடிந்ததும் எடுக்கும் சிறுநீர் மாதிரியில் எஸ்-பினைல்மெர்காப்டூரிக் அமிலம் பார்த்தால் அன்றைக்கு உடலுக்குள் எவ்வளவு போனது என்று தெரியும். தோல் வழியாகப் போனதையும் அது காட்டும், காலர் பேட்ஜ் காட்டாது. முந்தைய நாள் புகைத்த சிகரெட்டும் அதில் ஏறும் என்பதால் கேட்டு எழுதிக்கொள்வார்கள், மறைக்க வேண்டாம்.

ஓஷா விதியின்படி காற்று அளவுப் பதிவுகளை 30 வருடம் வைத்திருக்க வேண்டும். மருத்துவப் பதிவுகளை வேலைக்காலம் முழுவதும், அதற்கு மேல் 30 வருடமும். நோய் அவ்வளவு தாமதமாக வரக்கூடும் என்பதால் வைத்த கணக்கு அது. ஆனால் ஷட்டவுனுக்கு ஷட்டவுன் (பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தும் ஒவ்வொரு முறையும்) ஒப்பந்தக்காரர் மாறும் தொழிலாளிக்கு அந்தக் காகிதம் எந்த அலுவலகத்தின் எந்த அலமாரியில் இருக்கும் என்றே தெரியாது. பேட்ஜ் முடிவு வந்த அன்றே நகல் கேளுங்கள். தேதி, செய்த வேலை, எத்தனை மணி நேரம், எந்தப் பொருள், எண் ஆகிய ஐந்தும் அதில் இருக்கிறதா என்று பார்த்து, கைபேசியில் ஒரு படம் எடுத்து, வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள்.